பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்ட ஞாயிற்றுக்கிழமை

மதிப்புக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

தங்கள் மருமகளின் தகப்பன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், மகள் சுகம், மாப்பிள்ளையும் சுகம். தங்கள் சுகத்தை விசாரிக்கப் பல தடவை போன் செய்தேன். மணி நன்றாகவே அடிக்கிறது; ஆகவே தங்கள் போன் சுகமாக இருக்கிறது என்பது வரைக்கும் தெரிந்துகொண்டேன். தாங்களும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் பேச வழியில்லாததால் எழுதுகிறேன். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான் என்பது தங்களுக்குத் தெரியும். யார் யாரோ செய்த தாமதத்துக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டே வாழ்நாள் முழுக்கச் சம்பளம் வாங்கியவன். சொந்தத்துக்காகக் கேட்டுப் பழக்கமில்லை. வாக்கியம் அங்கங்கே தடம் புரண்டால் பொறுத்துக்கொள்ளவும்.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கள் புதுவீட்டு விருந்தில் நடந்தவற்றுக்கு என் மகள் காரணமில்லை என்று சொல்லவே இந்தக் கடிதம். விருந்து நடுவில் அவள் சொல்லாமல் கொள்ளாமல் காரை எடுத்துக்கொண்டு போனது உண்மை. தாங்கள் கையால் செய்த கேக் அந்தக் காரோடு போனதும் உண்மை. நானும் அந்தக் காரில்தான் இருந்தேன் என்பது அதைவிட உண்மை. 'மாமியார் வீட்டு விருந்தைவிட வேலை பெரிசாப் போச்சா' என்று தாங்கள் நினைத்திருந்தால் அதில் தப்பே இல்லை, நானாயிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் அந்த வேலை என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அவள் பார்த்துக்கொள்வது வானிலைச் செயற்கைக்கோள் என்று மாப்பிள்ளை சொல்லியிருப்பார். அது நம் தலைக்கு மேலே முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்கிறது. உண்மையில் நிற்கவில்லை, பூமி சுற்றும் அதே வேகத்தில் கூடவே சுற்றுகிறது. அதனால் நின்ற மாதிரி இருக்கிறது. அங்கிருந்து அரைமணிக்கு ஒரு தடவை பூமியைப் படம் எடுத்து அனுப்புவதுதான் வேலை. லீவு கிடையாது. ஏழு வருடம் உழைக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். இது பதினோராவது வருடம். அடுத்த ஆள் இன்னும் வந்து சேராததால் நீட்டிப்பு மேல் நீட்டிப்பாகக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். சும்மா விட்டால் அது நின்ற இடத்திலிருந்து மெல்ல நழுவுமாம். அவ்வப்போது துளி எரிபொருளை எரித்து, தள்ளிப் பழைய இடத்தில் நிறுத்துவது என் மகளின் பிரிவு செய்யும் வேலை. வருடத்தில் இரண்டு தடவை அது பூமியின் நிழலுக்குள் போய் வரும் காலம் ஒன்று உண்டு. வெயில் படாத நேரத்தில் பழைய பேட்டரியை நம்பித்தான் உயிர் ஓடும். அந்த வாரங்களில் இவளுக்கு லீவு இல்லை. நம் பிள்ளைகளின் கல்யாணத் தேதியை இவள் இரண்டு தடவை மாற்றச் சொன்னது ஞாபகம் இருக்கும். பெண்ணுக்கு இஷ்டமில்லையோ என்று தாங்கள் கேட்டீர்கள். இஷ்டமெல்லாம் இருந்தது, நிழல்தான் இடைஞ்சல்.

அதற்கு எழுத்தும் எண்ணுமாக முறையான பெயர் ஒன்று இருக்கிறது. அலுவலகத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வயசான ஜீவன் என்பதால் எல்லோருக்கும் அது 'பெரியம்மா'. இதை நான் தங்களுக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால் வந்த வினைக்கு வருகிறேன்.

முதலில் ஷாமியானா. விருந்துக்கு முந்தைய நாள் மகள் தன் போனில் அன்றைய படத்தைக் காட்டினாள். நடுக்கடலில் ஒரு புயல், சுருட்டிவைத்த பஞ்சு மாதிரி; அது அந்தப் பக்கமாக விலகிப் போய்க்கொண்டிருந்தது. நம் ஊருக்கு மேலே துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. "அப்பா, இப்ப மேகம் இல்லைன்னா நாளைக்கும் இருக்காதுன்னு அர்த்தம் இல்ல, யார்கிட்டயும் எதுவும் சொல்லி வைக்காதீங்க" என்றாள். அவள் இதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் தங்களுக்குப் போன் போட்டுவிட்டேன். "ஒரு சொட்டு விழாது, ஷாமியானா எதுக்கு, பெரிய இடத்துலேர்ந்து வந்த தகவல்" என்று நான் சொன்னது, தாங்கள் "நெஜமாவா சம்பந்தி?" என்று கேட்டது, நான் "என் பொறுப்பு" என்றது எல்லாம் காதில் இன்னும் ஒலிக்கிறது. என் பொறுப்பு என்று நான் சொன்ன எதுவும் இதுவரை உருப்பட்டதில்லை என்பதை என் மனைவி இருந்திருந்தால் தங்களுக்குச் சொல்லியிருப்பாள்.

ஞாயிறு மதியம் பாதி பேர் சாப்பிட்டு, பாதி பேர் தட்டோடு நின்றுகொண்டிருந்தபோது மகளுக்கு அலுவலகத்திலிருந்து போன். பாட்டுச் சத்தத்தில் கேட்காமல் அவள் கத்திப் பேசினாள். "என்னது, பெரியம்மா கண்ணைத் தொறக்கலையா? எப்பலேர்ந்து? மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்களா? உடம்புச் சூடு எவ்வளவு? பேட்டரி ஓடுதா, இல்லையா?" இவ்வளவும் சபைக்குக் கேட்டுவிட்டது. பேட்டரி என்றால் நெஞ்சில் வைக்கும் பேட்டரி என்று விஷயம் தெரிந்த ஒருவர் விளக்கமும் கொடுத்தாராம். பாட்டை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரிய மனுஷி, பொண்ணு மேல உசிரா இருப்பாங்களாமே" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாராவது கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தால் தலையை ஆட்டுவதுதானே வழக்கம், ஆட்டினேன். அடுத்தடுத்து நாலைந்து பேர் வந்தார்கள், அவர்களுக்கும் ஆட்டினேன்.

என் மகளுக்கு இருப்பது ஒரே ஒரு பெரியம்மா, என் மனைவியின் அக்கா. அவர் அப்போது தங்கள் வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்து இரண்டாவது தட்டில் இருந்தார். தான் இறந்த செய்தியை அவரிடமே ஒரு அம்மாள் போய்ச் சொல்லியிருக்கிறார். "யாரு, என் தங்கச்சி பொண்ணோட பெரியம்மாவா?" என்று கேட்டு, ஆமாம் என்றதும் அவர் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார். அழுகிறவர் யார் என்று தெரியாமல் அவரைச் சுற்றி உட்கார்ந்து தேற்றினார்கள். "நல்லா வாழ்ந்தாங்க" என்றார்களாம். "எங்க வாழ்ந்தேன்?" என்று கேட்டாராம் அவர்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கலாம் என்று நல்லெண்ணத்தோடுதான் நான் மைக்கைக் கையில் எடுத்தேன். மைக்கைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. "விருந்தினர்களின் கனிவான கவனத்திற்கு! பெரியம்மாவுக்கு எதுவும் ஆகவில்லை. அவர் மேலேதான் இருக்கிறார். எப்போதும் மேலேயிருந்து நம் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பவர், இன்று மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்" என்றேன். ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஆனால் அதுவரை அழாதவர்களும் அழுதுவிட்டார்கள். தாங்கள் கையில் கேக் வெட்டும் கத்தியோடு வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தீர்களே, அந்தப் பார்வைக்கும் முதல் இடிக்கும் நடுவில் மூச்சுவிடக்கூட நேரமில்லை. மழை வந்தது. தட்டுகளில் தண்ணீர் நிறைந்தது. ஷாமியானா இல்லாத வெட்டவெளியில் விருந்தினர்கள் சிதறி ஓட, நான் தங்கள் கண்ணில் படாமல் இருக்க மாப்பிள்ளையின் காருக்குள் புகுந்து பின்சீட்டில் படுத்துக்கொண்டேன். ஒளிந்துகொண்டேன் என்பதே சரியான சொல்.

கொஞ்ச நேரத்தில் கார் கிளம்பியது. எழுந்து பார்த்தால் மகள் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். என்னைக் கண்ணாடியில் பார்த்து அலறினாள். பிறகு, "எறக்கிவிட நேரமில்லப்பா, பேசாம வாங்க" என்றாள். கண்ணாடித் துடைப்பான் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"இந்த மழை இன்னைக்கு இங்க பெய்யவே கூடாதுப்பா" என்றாள்.

"நான்தான் பெய்யாதுன்னு சொன்னேனே."

"நீங்க சொன்னதை விடுங்க. காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்குது பாருங்க. காலைப் படத்துல புயல் அந்தப் பக்கம் போயிட்டிருந்துச்சு. போறது ஏன் இங்க தண்ணி தெளிக்கணும்?"

"திரும்பிடுச்சோ?"

"தெரியல. போகுதுன்னு நெனச்சுதான் படகெல்லாம் நேத்தே கடலுக்குப் போயிருக்கு. அதைப் பார்த்துச் சொல்ல வேண்டிய ஆளு கண்ணை மூடிட்டிருக்காங்க."

"வேற செயற்கைக்கோளே இல்லையாம்மா?"

"இருக்குப்பா. ஒன்னு ரொம்ப ஓரத்துலேர்ந்து சாய்வாப் பார்க்கும். இன்னொன்னு எப்பவாவது மேல ஓடிப்போகும். நடுவுல நின்னு கண்ணெடுக்காமப் பார்க்கிறது இவங்க ஒருத்தங்கதான்."

நடந்தது இதுதான். பூமி எங்கே இருக்கிறது என்று பார்க்கும் கருவி ஒன்று பெரியம்மாவுக்கு உண்டு. வயசாகிவிட்டதால் அது ஒரு கணம் தடுமாறியிருக்கிறது. தடுமாறினால் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டுச் சூரியனைப் பார்த்துத் திரும்பி, உயிரை மட்டும் காப்பாற்றிக்கொள் என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். சொன்ன பேச்சைக் கேட்டு அது திரும்பிக்கொண்டது. குற்றம் சொல்ல முடியாது.

அலுவலக வாசலில் காவலாளி காரைச் சோதனை போட்டார். பின்பக்கம் திறந்தால் அட்டைப்பெட்டிக்குள் தங்கள் கேக். தங்கள் வீட்டையே அச்சு அசலாகச் செய்து, மொட்டைமாடியில் சாக்லேட் தண்ணீர்த்தொட்டி வரைக்கும் வைத்திருந்தீர்கள். க்ரீம் உருகிவிடும் என்று ஏசியை ஓடவிட்டுக் காரில் கடைசி நிமிடம் வரை வைத்திருந்ததை நாங்கள் இருவருமே மறந்துவிட்டோம். "என்னம்மா இது?" என்றார் காவலாளி. மகள் பதற்றத்தில், "மாமியார் வீடு" என்றாள். அவர் பயந்து இரண்டடி பின்னால் போனார். யாரையாவது உள்ளே தள்ளப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார். பின்சீட்டில் நனைந்துபோய் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்ததும் அது நான்தான் என்று முடிவே செய்துவிட்டார். பிறகு விளக்கிச் சொல்லி, என் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டி, பார்வையாளர் அறையில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். கேக்கும் என்னோடு உட்கார்ந்தது.

அந்த அறைக்கு ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அந்தப் பக்கம் கட்டுப்பாட்டு அறை; அங்கே பேசுவது இங்கே ஒலிபெருக்கியில் கேட்கும். தலைமைப் பொறியாளர் நல்ல மனிதர். எதற்கெடுத்தாலும் "பொறுமை, பொறுமை" என்பதால் அவருக்குப் பொறுமையார் என்று பெயராம். அன்றும் அதையேதான் சொன்னார்.

"பொறுமையா இரும்மா. அது பத்திரமாத் தூங்குது. நாளைக்குக் காலையில எல்லாரும் உக்காந்து பேசி எழுப்பலாம்."

"நாளைக்குப் படம் வந்து யாருக்கு சார் பிரயோசனம்?"

"எரிபொருளைத் தொடாதே. மிச்சம் இருக்கிறது அது கடைசியாப் போறதுக்குத்தான் சரியா இருக்கும்."

ஓய்வு பெறும்போது அந்த மிச்ச எரிபொருளில் இன்னும் உயரத்துக்கு ஏறி, யாருக்கும் வழியை மறைக்காமல் ஒதுங்கிக்கொள்ள வேண்டுமாம். அதையும் செலவழித்துவிட்டால் பின்னால் வருகிறவர்களுக்கு நடுவழியில் கிடந்து தொல்லை கொடுக்கும்.

"எரிபொருள் வேணாம் சார். உள்ள இருக்கிற சக்கரத்தைச் சுத்தவிட்டே மெதுவாத் திருப்பிடலாம். அஞ்சாவது வருஷம் ஒரு தடவை பண்ணோம், நான் இருந்தேன்."

"அப்ப அதுக்கு வயசு அஞ்சு. இப்ப அந்தச் சக்கரத்துல ஒன்னு கரகரங்குது. பாதியில நின்னுட்டா?"

"நின்னா நான் பதில் சொல்றேன் சார். கடல்ல இருக்கிறவங்களுக்கு யார் பதில் சொல்றது?"

சம்பந்தியம்மா, எதிர்த்துப் பேசத் தெரியாத பெண் இவள். சின்ன வயசில் கடையில் மிட்டாய் மாற்றிக் கொடுத்தால்கூடத் திருப்பிக் கேட்க மாட்டாள். அவள் குரல் நடுங்கியது ஒலிபெருக்கியில் கேட்டது. ஆனாலும் பின்வாங்கவில்லை. பொறுமையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "சரி, மெதுவா. ரெண்டு பேரும் சேர்ந்தே பதில் சொல்லலாம்" என்றார்.

பிறகு வெகு நேரம் எதுவும் நடக்கவில்லை. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் தூரத்தில் ஒரு சக்கரத்தைக் கொஞ்சம் வேகமாகச் சுற்றச் சொல்வது, காத்திருப்பது, சூடு ஏறுகிறதா என்று பார்ப்பது, ஆறவிடுவது, மறுபடியும் கொஞ்சம். சக்கரம் ஒரு பக்கம் சுற்றினால் பெரியம்மா மறுபக்கம் திரும்புவாள். வெளியே மழை நின்றபாடில்லை. நான் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றேன். திடீரென்று சக்கரத்தின் சூடு ஏறி எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மகள் மட்டும் திரையைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம், பெரியம்மா, இன்னும் கொஞ்சம்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மைக் திறந்திருப்பது அவளுக்குத் தெரியாது. எனக்குக் கேட்கவில்லை என்று காட்ட வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போதுதான் பொறுமையார் வெளியே வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார், கை வெடவெடவென்று ஆடியது. சர்க்கரை வியாதிக்காரர், காலையில் மாத்திரை போட்டதோடு சரி, சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆதலால் கேன்டீன் மூடியிருந்தது. "இனிப்பா ஏதாவது இருக்கா சார்?" என்றார். நான் என்ன செய்வேன், சம்பந்தியம்மா? தண்ணீர்த்தொட்டியை எடுத்துக் கொடுத்தேன். அது போதவில்லை, மாடிக் கைப்பிடிச்சுவரைக் கொடுத்தேன். மனிதருக்கு நிறம் திரும்பியது. அவர் உள்ளே போய் என்ன சொன்னாரோ, ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரும் மதியம் சாப்பிடாதவர்கள். ஒருவருக்குக் கொடுத்துவிட்டு இன்னொருவருக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? படுக்கையறை போனது. சமையலறையைக் காவலாளி சாப்பிட்டார். ஓடிப்போய் யாரையாவது தடுத்திருக்கலாம். ஆனால் அந்த நேரம் நான் வரவேற்பறையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் உள்ளே யாரோ "பூமி!" என்று கத்தினார்கள். பெரியம்மா கண்ணைத் திறந்துவிட்டாள். பெரிய திரையில் மேலிருந்து கீழாக, கோடு கோடாகப் படம் வந்தது. முதலில் கறுப்பு. அப்புறம் நகம் மாதிரி ஒரு வெள்ளை விளிம்பு. அப்புறம் மேகம், கடல். புயல், போகிறது என்று நினைத்த பக்கம் போகவில்லை. வளைந்து கரையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. முந்தின நாளைவிட இறுக்கமாகச் சுருண்டிருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் போனை எடுத்தார்கள். துறைமுகத்துக்கு, கரைக்காவலுக்கு, வானிலை மையத்துக்கு. மறுநாள் மதியம் புயல் கரையைத் தொட்டபோது வீட்டுக்கூரைகளும் மரங்களும் போயின. படகுகள் எல்லாம் உள்ளே வந்திருந்தன. ஒன்று மட்டும் இன்ஜின் நின்று, இன்னொன்றின் பின்னால் கயிறு கட்டி இழுபட்டுக் கடைசியாக வந்தது. அதில் இருந்தவர்களும் பிழைத்தார்கள்.

மகள் அன்று வெளியே வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முகம் கழுவியிருந்தாள், ஆனாலும் கண் சிவப்பு தெரிந்தது. "அப்பா, அத்தை என்ன நெனச்சிருப்பாங்க? அவங்க நாள் அது, கூட நிக்கணும்னு எவ்வளவு ஆசையா இருந்தேன்" என்றாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். அதில் வெளி கேட்டும் இரண்டு படியும் மட்டும் மிச்சம் இருந்தன. ஒரு படியை எடுத்துச் சாப்பிட்டாள்.

இதுதான் நடந்தது. ஷாமியானாவை வேண்டாம் என்றது நான். உயிரோடு இருப்பவருக்குத் துக்கம் வாங்கியது நான். மைக்கைப் பிடித்தது நான். கேக்கைப் பங்கு போட்டதும் நானே. என் மகள் செய்தது, போகவேண்டிய இடத்துக்குப் போனது மட்டும்தான். அடுத்த செயற்கைக்கோள் வந்ததும் பெரியம்மாவை மேலே அனுப்பிவைக்கும் கட்டளையை இவளே கொடுக்க வேண்டுமாம். அன்றைக்கு இவள் ஒழுங்காகச் சாப்பிட மாட்டாள் என்று எனக்கு இப்போதே தெரியும். அந்த நேரத்தில் மாமியாரும் பேசாமல் இருந்தால் பிள்ளை தாங்காது. கோபத்தை என் மேல் வைத்துக்கொண்டு அவளிடம் ஒரு வார்த்தை பேசுங்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பேக்கரியில் வேலை செய்யும் அனைவருக்கும் என் அன்பு. அன்று நனைந்த விருந்தினர்களில் யாருக்காவது ஜலதோஷம் என்றால் அவர்களுக்கும் என் விசாரிப்பு. தங்கள் குடும்பம் எந்தக் குறையும் இல்லாமல், முக்கியமாக என்னால் ஒரு குறையும் இல்லாமல், நீண்டகாலம் செழித்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கோபத்துக்கு முழுத் தகுதியுள்ள
சம்பந்தி

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் மகள் வந்து இதைப் படித்துவிட்டாள். படித்துவிட்டுச் சிரித்தாள். "அத்தையா? படம் வந்த உடனேயே நான் போன் பண்ணிட்டேனேப்பா. எல்லாரும் சாப்பிட்டாங்களான்னுதான் முதல்ல கேட்டாங்க. தினமும் பஸ்ல வரும்போது பேசிட்டுதான் இருக்கேன். பெரியம்மாவை அனுப்புற அன்னைக்குக் கூட வந்து உக்காந்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க" என்கிறாள். அப்படியானால் நான் போன் செய்தால் ஏன் எடுப்பதில்லை என்று கேட்டேன். "உங்க மேல மட்டும்தான் கோபமாம்" என்றாள். மழைக்காகவா என்றேன், இல்லையாம். மைக்குக்காகவா என்றேன், அதை நினைத்து நினைத்துத் தாங்கள் சிரிக்கிறீர்களாம். கேக்கும் இல்லையாம். "அத்தை இத்தனை வருஷம் அடுப்பு முன்னாடி நின்னு தனியாளாக் கட்டின வீடுப்பா. வந்தீங்க, மேல பார்த்தீங்க, மேகத்தைப் பத்திப் பேசினீங்க, ஓடிப் போயிட்டீங்க. வீடு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

இத்தனை பக்கத்தையும் மறுபடி புரட்டிப் பார்த்தேன். இதிலும் சொல்லவில்லை.

ஆகவே மேலே எழுதிய அனைத்தையும் தள்ளிவிட்டு இதை மட்டும் படிக்கவும். மழை வந்ததும் தங்கள் குளியலறைக்குள் போய் ஈரச்சட்டையைக் கழற்றி, மாப்பிள்ளையின் பனியனை மாட்டிக்கொண்டுதான் காருக்கு ஓடினேன். எத்தனையோ வீடுகளில் குளித்திருக்கிறேன். கழற்றியதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே மாட்டுவது என்று ஒவ்வொரு இடத்திலும் திண்டாடியிருக்கிறேன். தங்கள் வீட்டில் கதவைச் சாத்தித் திரும்பினேன், கை போகிற உயரத்தில், தண்ணீர் தெறிக்காத இடத்தில் ஒரு கொக்கி இருந்தது. உள்ளே வருகிற மனிதனுக்கு என்ன வேண்டும் என்று யோசித்துக் கட்டிய வீடு, சம்பந்தியம்மா. மிகவும் நன்றாக இருக்கிறது. சட்டை இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது என்று நினைக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளலாமா?